எங்கள் வருகைப் பதிவேட்டிலிருந்தே ஆராய்ச்சியைச் சொல்லிக் கொடுங்கள்

டெல்டா மாவட்டங்களில் பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு எம்.எட்., கல்வியியல் எம்.ஏ. வகுப்புகள் நடத்தும் துறைத் தலைவர்களுக்கும், பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், ஆய்வேட்டு வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. வேலையில் இருந்துகொண்டேதான் கல்வியியலில் முதுகலை முடித்தேன். இதே வழியில் படித்தவர்கள், இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம், சீர்காழி என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளும்போது எங்கள் பேச்சு கடைசியில் ஆராய்ச்சி முறையியல் தாளில்தான் வந்து நிற்கும். பயந்து படித்து, மனப்பாடமாக எழுதி, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற தாளாக அது இருக்கிறது. முதுகலைப் படிப்பில் ஓர் ஆசிரியருக்கு மிக அதிகமாகப் பயன்படக்கூடிய தாள் அதுதான் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பணியில் இருக்கும் ஆசிரியருக்கு ஆராய்ச்சி முறையை அவருடைய வகுப்பிலிருந்தும், அவர் கையிலுள்ள பதிவேடுகளிலிருந்தும், அவர் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வியிலிருந்தும் தொடங்கிச் சொல்லிக் கொடுங்கள்.

இப்போது நடப்பதை நீங்களே அறிவீர்கள். ஆராய்ச்சியின் இலக்கணம், வகைகள், கருதுகோள், கூறெடுப்பு (ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்தல்), கருவி, புள்ளியியல், அறிக்கை எழுதுதல் என்று பாடம் வரிசையாக ஓடும். அப்புறம் ஆய்வேடு. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் தேர்வுப் பதற்றம், ஆசிரியர்களின் பணி நிறைவு, கைபேசி பற்றிய மனப்பான்மை என்று தலைப்புகள் சுற்றிச் சுற்றி வரும். உளவியலாளர் லிக்கர்ட் 1932இல் வகுத்த முறையில், 'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து புள்ளி அளவுகோல் ஒன்று. ஆறேழு பள்ளிகளில் 300 பேர். ஆண், பெண், ஊரகம், நகரம், அரசு, தனியார், தமிழ் வழி, ஆங்கில வழி, அப்பா படித்தவர், படிக்காதவர் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் ஒரு டி சோதனை. கடைசி அத்தியாயத்தில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்ற வாக்கியம் வரிசையாக வரும். பைண்டிங் செய்து, பொன்னிற எழுத்துப் பதித்து நூலகத்தில் சேர்த்துவிடுகிறோம்.

இதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு சின்னதல்ல. வாரம் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, சனி ஞாயிறில் இரண்டு பேருந்து மாறி வகுப்புக்கு வந்து, இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு அட்டவணை போட்டு முடிக்கிறார்கள். உயர்படிப்புக்கான பழைய ஊக்க ஊதிய உயர்வு முறை 2020இல் நின்ற பிறகும் படிக்க வருகிறார்கள் என்றால் படிப்பின் மேல் உள்ள ஆசைதான் காரணம். அந்த ஆசைக்கு நாம் கைம்மாறாகத் தருவது என்ன என்பதுதான் என் கவலை.

என் தோழி ஒருவரின் ஆய்வுக் கேள்வியைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் 52இலிருந்து 27ஐக் கழித்தால் 35 என்று எழுதுகிறார்கள். கவனக்குறைவால் வரும் தவறாக இருந்தால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. இது அப்படியில்லை, ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகள் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறார்கள். அதாவது அவர்கள் ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள், விதிதான் தவறு. அந்த விதி எங்கிருந்து வந்தது, எந்த வகுப்பில் ஒட்டிக்கொண்டது, என்ன செய்தால் விலகும் என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கணக்கு நடத்துகிற எனக்கு இதைவிட நல்ல கேள்வி தெரியாது. 'இதில் அளக்க வேண்டிய மாறி எங்கே? கூறு எவ்வளவு? இது தலைப்பாகாது' என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவரும் 300 பேரிடம் கணித ஆர்வத்தை அளந்து பட்டம் வாங்கினார். பிள்ளைகள் இன்னும் 35 என்றுதான் எழுதுகிறார்கள்.

வினாநிரல் கொடுத்துச் செய்யும் அளவாய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது செய்கிற அளவாய்வில் முறையியலின் அடிப்படைப் பாடங்களே தவறிப்போகின்றன. கும்பகோணத்திலுள்ள பள்ளியை 'நகரம்' என்று குறிக்கிறோம். அங்கே படிப்பவர்களில் எத்தனையோ பேர் இலவசப் பயண அட்டையோடு சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். பள்ளியின் முகவரியைப் பிள்ளையின் முகவரியாக எடுத்துக்கொண்டு, ஊரகத்துக்கும் நகரத்துக்கும் வேறுபாடில்லை என்று முடிவு எழுதுகிறோம். அடுத்து, ஒரு பள்ளியிலிருந்து 50 பேராக ஆறு பள்ளிகளில் எடுத்த 300 பேரைத் தனித்தனி 300 பேர் போலக் கணக்கிடுகிறோம். ஒரே ஆசிரியரிடம் படித்து, ஒரே மைதானத்தில் விளையாடும் 50 பேரின் பதில்களில் ஒன்றின் சாயல் இன்னொன்றில் இருக்கும். அதைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை.

சோதனைகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். 0.05 நிலையில், அதாவது நூற்றில் ஐந்து முறை தற்செயலாகத் தவறலாம் என்ற அளவில், 20 சோதனை செய்தால், உண்மையில் எங்குமே வேறுபாடு இல்லாதபோதும் சராசரியாக ஒன்று 'வேறுபாடு உண்டு' என்று தற்செயலாகக் காட்டும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு அரசுக்குப் பரிந்துரை எழுதுகிறோம். வேறுபாடு உண்மையிலேயே இருந்தாலும் அது எவ்வளவு பெரியது என்று கேட்பதில்லை. 150 மதிப்பெண் அளவுகோலில் ஆண்கள் 150 பேர், பெண்கள் 150 பேர், இரு குழுவிலும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 8, சராசரிகளுக்கு இடையே 2 மதிப்பெண் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். டி மதிப்பு ஏறக்குறைய 2.17 வரும். 0.05 நிலைக்கான எல்லையான 1.96ஐத் தாண்டியதால் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று எழுதலாம். 150க்கு 2 மதிப்பெண் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் திங்கட்கிழமை வகுப்பில் எதை மாற்றுவார்?

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வினாநிரல் கொடுக்கப் போகும் நாளில் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்தான் நம் கூறுக்குள் வருகிறார்கள். அன்றைக்கு வராத பிள்ளை ஆய்விலேயே இல்லை. டெல்டாவில் யாருடைய படிப்பைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டுமோ, அந்தப் பிள்ளைகள்தான் அன்றைக்கு வராதவர்கள்.

இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. பள்ளி ஆண்டு தொடங்குவதும் ஜூனில்தான். குறுவை, சம்பா, தாளடி என்று நடவும் அறுப்பும் எங்கள் பருவத் தேர்வுகளோடு பின்னிக் கிடக்கின்றன. அம்மா நடவுக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா வீட்டில் நின்றுவிடுகிறாள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்கால் தண்ணீர் பாதையில் ஏறினால் ஒரு தெருவே பள்ளிக்கு வராது. நடவு இயந்திரம் வந்த பிறகு இது மாறியிருக்கிறதா? மாறியது எந்தத் தெருவுக்கு? நூறு நாள் வேலை நடக்கும் வாரங்களில் எப்படி? இவற்றில் பாதிக்கு விடை எங்கள் வருகைப் பதிவேட்டிலேயே கிடக்கிறது. தினமும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையத் தளத்தில் ஏற்றி மேலே அனுப்புகிறோம். அதை நாங்களே உட்கார்ந்து படித்துப் பார்க்க யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

முறையியல் தாளின் முதல் வகுப்புக்கே போன ஆண்டுப் பதிவேட்டின் நகலை, பெயர்களை மறைத்து, எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள், ஆண்டுக்கு 200 வேலை நாள், சராசரி வருகை 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கு 20 நாள் வராமல் இருந்தாலும் 90 வரும். 16 பேர் 5 நாள் மட்டும் வராமல், மீதி 4 பேர் ஆளுக்கு 80 நாள் வராமல் இருந்தாலும் அதே 90தான் வரும். இரண்டாவது வகுப்பில் நான்கு பிள்ளைகள் படிப்பை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறார்கள், சராசரி அதை மறைத்துவிடுகிறது. இதைத் தன் கையால் ஒரு தாளில் போட்டுப் பார்த்த ஆசிரியருக்குத் திட்ட விலக்கம் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டாம். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் அதற்கப்புறம் வரட்டும்.

அந்த நான்கு பேர் யார் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக எழும். ஏன் வரவில்லை? அதற்குப் பதிவேட்டில் விடை இல்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் போய்ப் பேச வேண்டும். எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்டால் 'உடம்பு சரியில்லை டீச்சர்' என்ற வழக்கமான பதிலைத் தாண்டி விஷயம் வரும், கேட்டதை அன்றைக்கே எப்படிக் குறித்து வைப்பது, நான்கு வீட்டில் கேட்டதை ஒன்றோடொன்று எப்படி ஒப்பிடுவது என்பதெல்லாம் பண்புசார் ஆய்வு என்ற தலைப்பில் நீங்கள் நடத்துகிற பாடம்தான். அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என்று இரண்டு பத்தி போட்டு வேறுபடுத்திக் காட்டுக என்று கேட்பதைவிட, ஒரே பிள்ளையைப் புரிந்துகொள்ள இரண்டும் எங்கெங்கே தேவைப்படுகின்றன என்று காட்டுவது நல்லது.

செயலாய்வு, அதாவது ஆசிரியர் தன் வகுப்பில் ஒன்றைச் செய்து பார்த்துத் தானே ஆராய்வது, பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது, 'படிநிலைகளை எழுதுக' என்ற ஐந்து மதிப்பெண் வினாவாக. அந்தப் பெயரை 1946இல் உளவியலாளர் கர்ட் லெவின் எழுத்தில் கொண்டுவந்தார். 1950களில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிகளுக்குள் எடுத்துச் சென்றார். 1970களில் இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் ஆசிரியரே ஆய்வாளர் என்று வாதாடினார். இவ்வளவு வரலாறு உள்ள ஒரு முறையை நம் துறைகளில் இரண்டாம் தரமாகப் பார்க்கிறோம். அது தளர்வாகச் செய்யப்படுகிறது என்ற குறையில் நியாயம் இருக்கிறது. அதற்குத் தீர்வு அதை ஒதுக்குவதல்ல, கடுமையாகச் சொல்லிக் கொடுப்பது.

ஓர் உதாரணம் மட்டும். முன்தேர்வு வைத்து, மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் படக்கதை வைத்து வாசிக்கப் பழக்கி, பின்தேர்வு வைக்கிறோம். மதிப்பெண் கூடியிருக்கும். படக்கதையால்தான் கூடியது என்று எழுதிவிடுகிறோம். ஆனால் எந்தத் தேர்விலும் அடியில் நிற்கும் பத்துப் பேரில் சிலர் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்திருப்பார்கள், சிலருக்கு அன்று தெரியாத கேள்வியாக விழுந்திருக்கும். ஒன்றுமே செய்யாமல் மறுபடி தேர்வு வைத்தாலும் அவர்களின் சராசரி கொஞ்சம் மேலே ஏறும். புள்ளியியலில் 'சராசரியை நோக்கிய பின்னடைவு' என்று சொல்லப்படும் இந்தப் போக்கை ஒவ்வொரு ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை அளந்து பாருங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூலையிலும் மீதிப் பேருக்கு செப்டம்பரிலும் தொடங்கி, ஏற்றம் பயிற்சியைத் தொடர்ந்து வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளைக்கும் எதையும் மறுக்காமல் ஒப்பீடும் கிடைத்துவிடும். இப்படிச் செய்த ஆய்வில் பன்னிரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்பதற்காக அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

'ஒரு பள்ளியில் செய்ததைப் பொதுமைப்படுத்த முடியாதே' என்பதுதான் நான் அதிகம் கேட்ட மறுப்பு. நாம் எல்லா ஆய்வேட்டிலும் போடுகிற டி சோதனையே சிறிய கூறுகளுக்காகப் பிறந்தது. டப்ளினில் ஒரு மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், கையில் இருந்த கொஞ்ச மாதிரிகளை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கணக்கிடத்தான் அதை உருவாக்கி 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். சோதனை வடிவமைப்பின் இலக்கணத்தைப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் வகுத்தது இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆராய்ச்சி நிலைய வயல்களில். நம் மண்ணுக்கு இது புதிதில்லை. 1922 முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலையத்துப் பாத்தியில் நன்றாக விளைந்த ரகத்தையும் திருத்துறைப்பூண்டிக் கடைமடையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் அப்பாக்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு வயலிலும் மண்ணும் தண்ணீரும் எப்படி இருந்தன என்று தெளிவாகக் குறித்திருந்தால் பல சின்ன முயற்சிகள் சேர்ந்து பெரிய அறிவாகும். வலங்கைமானில் ஒரு வகுப்பு, தலைஞாயிறில் ஒரு வகுப்பு, முத்துப்பேட்டையில் ஒரு வகுப்பு என்று ஒரே கேள்வியைப் பத்து ஆசிரியர்கள் அவரவர் பள்ளியில் ஓர் ஆண்டு பின்தொடரட்டும். அதிலிருந்து நம் துறைக்குத் தெரியவருவது 300 வினாநிரலில் தெரிய வராது.

சின்ன எண்ணிக்கையோடு நேர்மையாக இருக்கவும் பழக்க வேண்டும். டெல்டாவின் பல தொடக்கப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான். 11 பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை தேறினால் விழுக்காடு 9 ஏறிவிடும். அங்கே விழுக்காடு போடுவதே படிப்பவரைத் தவறாக வழிநடத்தும். பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு வரி எழுதினால் போதும்.

ஆய்வு அறம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளரிடம் 'எனக்கு விருப்பமில்லை' என்று ஒரு பிள்ளை சொல்லலாம். சொந்த ஆசிரியரிடம் சொல்ல முடியாது. 'இந்தப் பாடம் உனக்குப் பிடித்திருக்கிறதா' என்று அதே பாடத்தை நடத்துகிறவர் கேட்டால் எல்லாப் பிள்ளையும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லும். இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் தெருவின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். ஒன்றியத்தின் பெயர், வகுப்பு, தெரு மூன்றும் ஆய்வேட்டில் இருந்தால், பெயரை மாற்றி எழுதியும் அந்தப் பிள்ளை யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தகவல் படிவத்தில் சாதியை எழுதச் சொல்லி வகுப்பில் எல்லோர் முன்னாலும் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பெற்றோரின் ஒப்புதலை எப்படிக் கேட்பது, படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அதை எப்படி விளக்குவது, எதை எழுதாமல் விடுவது என்பதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு முழு அலகு வேண்டும். ஒரு பத்தி போதாது.

காலமும் எங்கள் கைக்கு ஏற்றதாக இல்லை. தரவு திரட்டும் மாதங்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் விழுகின்றன. மழை விடுமுறையும் அரையாண்டுத் தேர்வும் சேர்ந்து வரும் காலம் அது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, கூரையும் தென்னையும் இழந்த வீடுகளின் பிள்ளைகள்தான் பிறகு எங்கள் வகுப்புகளில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு முன்தேர்வு வைத்திருந்த எந்த ஆய்விலும் முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் நடுவில் ஒரு புயல் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் ஆய்வு பொய்யாகிவிடும். நடுவே வந்த நிகழ்வை எப்படிப் பதிவு செய்வது, திட்டத்தை எப்படி மாற்றுவது என்பதைத்தான் இந்தப் பகுதி ஆசிரியருக்கு முதலில் கற்றுத்தர வேண்டும். 2014 நெறிமுறைகளில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் எம்.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கியிருக்கிறது. ஒரு ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரே கேள்வியைப் பின்தொடர அதில் இடமிருக்கிறது. கடைசிப் பருவத்தில் மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் அடைப்பதை விட்டுவிடலாம்.

ஆய்வேட்டைத் தமிழில் எழுத விரும்புகிறவர்களைத் தயங்க வைக்காதீர்கள். எந்த மொழியில் எழுதினாலும், என்ன கேட்டோம், எப்படிப் பார்த்தோம், என்ன தெரிந்தது என்று இரண்டு பக்கம் எளிய தமிழில் எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் படிக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். தங்கள் பிள்ளைகளைப் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் அனுபவமுள்ள ஒரு தலைமையாசிரியரையும் உட்கார வையுங்கள். 'கூறு எவ்வளவு' என்பதோடு 'அந்தப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள்' என்று கேட்கவும் ஒருவர் வேண்டும்.

வழிகாட்டிகளின் சிரமமும் எனக்குத் தெரியும். ஒருவருக்கே பல ஆய்வேடுகள் சேரும்போது அச்சடித்த ஒரே வடிவம் வேலையைச் சுலபமாக்குகிறது. ஒவ்வொரு ஆசிரியரின் கேள்வியும் வேறாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அந்தந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் விரிவுரையாளர்களையும், வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களையும் இணை வழிகாட்டிகளாகச் சேர்த்தால் இந்தச் சுமை பகிரப்படும். பள்ளிக்கு வந்து வகுப்பைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்துக்குப் பணியில் உள்ள ஆசிரியர்கள் இரண்டு பேரை உறுப்பினர்களாக அழையுங்கள். தொடக்கப் பள்ளியிலிருந்து ஒருவர், உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒருவர். கூட்டத்தைச் சனிக்கிழமை வைத்தால் பிள்ளைகளின் வகுப்புக் கெடாமல் வர முடியும். வருகைப் பதிவேட்டுப் பயிற்சிக்கும் கழித்தல் கணக்குத் தவறுகளை வகைப்படுத்தும் பயிற்சிக்கும் தேவையான மாதிரித் தாள்களை, பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் நீக்கி, எங்கள் குறுவள மைய ஆசிரியர்கள் தயாரித்துத் தர முன்வந்திருக்கிறார்கள். எந்தத் துறை முதலில் கேட்டாலும் கொடுக்கிறோம்.

அன்புடன்,
கணிதப் பட்டதாரி ஆசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
திருவாரூர் மாவட்டம்